இளையோர் ஆட்டக்களத்தில் நடுவரின் பாதுகாப்பு

விளையாட்டு வளர்ச்சிக்கான திட்டங்களைத் தீட்டும்போது திடல்கள், கருவிகள், பயிற்சியாளர்கள், உதவித்தொகைகள் ஆகியவை கணக்கில் கொள்ளப்படுகின்றன. நடுவர் அநேகமாகக் கணக்கில் வருவதில்லை. ஆனால் மற்ற யாவும் குறைவின்றி இருந்தாலும் நடுவர் இல்லையெனில் போட்டி நடைபெறாது. சிறுவர் போட்டிகளில் நடுவராக நிற்பவர் பெறும் ஊதியம் சொற்பமே. சிலர் ஊதியமின்றியே பணியாற்றுகின்றனர். அவர்களைத் திட்டுவதும், மிரட்டுவதும், சில சமயங்களில் கை நீட்டுவதும் இன்று பல நாடுகளுக்குப் பொதுவான பிரச்சினையாகிவிட்டன. இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் கருதுவது போதாது. இளையோர் விளையாட்டின் அடித்தளத்தையே இது பாதிக்கிறது.

இடப்பள்ளி காட்டும் படிப்பினை

கொச்சி மாநகரில் 66, 544 ஆகிய இரு தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடம் இடப்பள்ளி. அங்கிருந்து மெட்ரோ இரயிலில் மூன்றாவது நிலையம் கலூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கமாகும். 2017ஆம் ஆண்டு 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி இந்தியாவில் நடைபெற்றபோது, அக்டோபர் 7 அன்று பிரேசிலும் ஸ்பெயினும் மோதியது இந்த அரங்கில்தான். 2014இல் தோன்றிய கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் ஆட்டங்களும் இங்கே பல ஆண்டுகள் நடந்தன. எனவே இடப்பள்ளி முதல் மட்டாஞ்சேரி வரை கொச்சிச் சிறுவர்கள், பெரியவர்களின் கால்பந்தைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்கின்றனர் எனலாம்.

அவர்கள் கற்பது ஆட்டத்தை மட்டுமன்று. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின்போது பெங்களூரு அணித் தலைவர் சுனில் சேத்ரி விரைந்து அடித்த தனி உதை கோலாயிற்று. தங்கள் வீரர்கள் தயாராகும் முன்னரே அது அடிக்கப்பட்டது என்று கேரளா பிளாஸ்டர்ஸ் வாதிட்டது. நடுவர் தமது தீர்ப்பை மாற்றவில்லை. பயிற்சியாளர் தமது அணியைக் களத்திலிருந்து வெளியே அழைத்துக்கொண்டார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டங்கள் தடையும் விதித்தது. இங்கே நடுவரை யாரும் தொடவில்லை. இதனைத் தாக்குதலோடு ஒப்பிடுவதும் முறையன்று. எனினும், தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் ஆட்டத்தையே நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் பார்க்கும் சிறுவன் மனத்தில் பதியக்கூடும். பெரியவர் களத்தில் தோன்றும் கோபம் சிறுவர் களத்தை அடைய அதிக நாள் பிடிப்பதில்லை.

தாக்குதலின் பல வடிவங்கள்

நடுவருக்கு இழைக்கப்படும் தீங்கு படிப்படியாக வளர்வது. முதலில் எதிர்ப்புச் சொல், பின்னர் வசை, அதன்பின் மிரட்டல், இறுதியில் தாக்குதல் என அது செல்கிறது. 2022 மே மாதத்தில், காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான தேர்வுப் போட்டி புதுதில்லியில் நடைபெற்றபோது, 125 கிலோ பிரிவின் இறுதிச் சுற்றில் தோற்ற சத்யேந்தர் மாலிக் நடுவர் ஜக்பீர் சிங்கைத் தாக்கினார். இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பு அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது.

வெளிப்படையான தாக்குதலைவிட மறைமுகமான தாக்குதலைக் கையாள்வது கடினம். பேஸ்பால் ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் நடுவர், பந்தைப் பிடிப்பவரின் பின்னால் குனிந்து நிற்கிறார். முகமூடியும் மார்புக் கவசமும் அணிந்திருந்தாலும், வேகமாக வரும் பந்திலிருந்து அவரைக் காப்பது முன்னால் இருப்பவரின் கையுறையே. பிடிப்பவர் வேண்டுமென்றே விலகிக்கொண்டால் பந்து நேராக நடுவரைத் தாக்கும். பார்ப்பவர்களுக்கோ அது தவறிய பந்தாகவே தோன்றும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2008இல் உயர்நிலைப் பள்ளி இறுதியாட்டம் ஒன்றில் இத்தகைய குற்றச்சாட்டு எழுந்தது. உள்நோக்கம் எதுவும் இல்லையென்று அணித்தரப்பு மறுத்தது. கால்பந்திலும், பந்தை அப்புறப்படுத்துவதுபோல் நடுவரை நோக்கி ஓங்கி உதைக்க முடியும். ஒருவரின் மனத்தில் இருந்ததை நிரூபிப்பது அரிது. ஆகவே இத்தகைய நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் உடனே எழுத்தில் பதிவு செய்வதும், அது மீண்டும் நிகழ்கிறதா என்று கவனிப்பதும் இன்றியமையாதவை.

தீங்கு எந்த அளவுக்குச் செல்லக்கூடும் என்பதற்கு நெதர்லாந்து ஒரு துயரமான சான்று. 2012 டிசம்பர் 2 அன்று அல்மேர் நகரில் நடந்த சிறுவர் கால்பந்து ஆட்டமொன்றில், தம் மகன் ஆடிய சங்கத்துக்குத் தொண்டராகக் கோட்டு நடுவர் பணியாற்றிய ரிச்சர்டு நியூவென்ஹூய்சனை எதிரணிச் சிறுவர்கள் சிலர் தாக்கினர். மறுநாள் அவர் உயிரிழந்தார். அந்த வார இறுதியில் நாடெங்கும் தொழில்முறை சாராத ஆட்டங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. 2013இல் பதின்ம வயதினர் பலரும், அவர்களுள் ஒருவரின் தந்தையும் தண்டிக்கப்பட்டனர். தந்தைக்கு 6 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குழந்தைகளின் ஆட்டத்தில் பெரியவர் ஒருவரும் குற்றவாளியாக நின்றார் என்பது கருதத்தக்கது.

இழப்பு யாருக்கு?

அடிபட்ட நடுவரின் துன்பம் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் விலகிச் செல்வதால் நேரும் இழப்பு அவ்வாறு தெரிவதில்லை. அமெரிக்காவில் 2018-19 பருவத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளின் நடுவர்களில் ஏறத்தாழ 50,000 பேர் பணியை விட்டனர் என்று அந்நாட்டின் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு தெரிவித்தது. பெருந்தொற்று இதற்கு ஒரு காரணம். பெற்றோர், பார்வையாளர்களின் நடத்தை மற்றொன்று.

பொருளியல் நோக்கில் இதனைப் பின்வருமாறு விளக்கலாம். கூச்சலிடும் பெற்றோருக்குக் கூச்சலால் செலவு ஏதுமில்லை. அதன் செலவு பிறர்மீது விழுகிறது: முதலில் நடுவர்மீது, பின்னர் ஆட்டமின்றி வீடு திரும்பும் குழந்தைகள்மீது. நடுவர் பற்றாக்குறை தோன்றும்போது வசதியுள்ள கழகங்கள் கூடுதல் ஊதியம் கொடுத்து வெளியூரிலிருந்து நடுவரை வரவழைக்கும். அரசுப் பள்ளிகளும் சிறு கழகங்களும் அவ்வாறு செய்ய இயலாது. எனவே இந்த வன்முறையின் முழுச் சுமையும் இறுதியில் எளிய குடும்பத்துச் சிறுவர்களையே சேருகிறது. பொறுப்பைச் செலவை உண்டாக்குபவரிடமே திருப்புவதுதான் சரியான பரிகாரமாகும்.

பயன் தந்த முறைகள்

இவ்வழியில் சில நாடுகள் மேற்கொண்ட முயற்சிகள் கவனிக்கத்தக்கவை. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் டெப்ட்ஃபோர்டு நகரச் சிறுவர் பேஸ்பால் கழகம், நடுவர்கள் விலகத் தொடங்கியதும் 2023இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. நடுவரைத் திட்டிய பெற்றோர், தாமே 3 ஆட்டங்களுக்கு நடுவராகப் பணியாற்றிய பின்னரே மீண்டும் பார்வையாளராக வரலாம். தீர்ப்புச் சொல்வதன் கடினத்தைச் சொற்பொழிவால் உணர்த்துவதைவிட இது எளிது.

இங்கிலாந்தில் நடுவரை எதிர்த்துப் பேசும் வீரரை 10 நிமிடம் வெளியே அமர்த்தும் முறை, முதலில் 31 போட்டித் தொடர்களில் சோதிக்கப்பட்டது. எதிர்ப்புப் பேச்சு 38 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. பின்னர் 2019-20 பருவம் முதல் அடிமட்டக் கால்பந்தில் அது விரிவாக்கப்பட்டது. 2023இல் நடுவர் உடையில் காமிரா பொருத்தும் சோதனையும் தொடங்கியது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்கு விதிகள், நடுவரைத் தாக்குபவருக்குக் குறைந்தது 15 ஆட்டங்கள் அல்லது தகுந்த காலம் தடை விதிக்க வகை செய்கின்றன. இவற்றுள் சிறிய தண்டனையே அதிகப் பயன் தருவது போலத் தோன்றுகிறது. அது உடனே கிடைக்கிறது, தவறாமல் கிடைக்கிறது, சிறுவனின் எதிர்காலத்தையும் கெடுப்பதில்லை.

சட்டத்தின் இடம்

களத்துக்குள் நடந்தது என்பதால் தாக்குதல் குற்றமாகாமல் போவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 115ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றே காயம் விளைவிப்பதற்கு ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தாக்கியவர் 18 வயது நிரம்பாதவராயின் 2015ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டம் பொருந்தும். அறிவுரை, குழு ஆலோசனை, சமூகப் பணி போன்ற ஆணைகளை இளையோர் நீதிக் குழுமம் பிறப்பிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. அச்சிறுவரின் பெயர், பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகங்களில் வெளியிடுவதை அச்சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. தாக்குதல் காட்சியைக் கைப்பேசியில் பரப்புவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். அக்காட்சியை விசாரணை செய்பவரிடம் ஒப்படைப்பதே முறை.

செய்ய வேண்டியவை

இடப்பள்ளி போன்ற ஊர்களில் பள்ளிகளும் கழகங்களும் பெருஞ்செலவின்றிச் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு போட்டிக்கும் எந்த அணியையும் சாராத திடல் பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, பார்வையாளரை அடக்கும் பொறுப்பை நடுவரிடமிருந்து விலக்க வேண்டும். பெற்றோர் நிற்குமிடத்தை ஆட்டக்களத்திலிருந்து தள்ளிக் கோடிட்டு ஒதுக்க வேண்டும். நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை அணித் தலைவருக்கு மட்டுமே என்று வரையறுக்க வேண்டும். தண்டனைப் படிகளைப் போட்டிக்கு முன்னரே எழுத்தில் அறிவிப்பதும், பார்வையாளரின் நடத்தைக்கு அவர் சார்ந்த அணியைப் பொறுப்பாக்குவதும் அவசியம். முதன்முறை களமிறங்கும் இளம் நடுவருடன் அனுபவமுள்ள ஒருவர் எல்லைக்கோட்டருகே நிற்பது பெரும் துணையாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நடுவரும் தவறக்கூடும். அத்தவறைக் கேட்க ஒழுங்கான வழி இல்லாதபோதுதான் கோபம் களத்திலேயே வெடிக்கிறது. ஆட்டம் முடிந்தபின் எழுத்துமூலம் முறையீடு செய்யவும், குறித்த நாளுக்குள் பதில் பெறவும் வாய்ப்பு இருக்க வேண்டும். முறையீட்டால் முடிவு மாறாவிடினும், நடுவருக்கு மறுபயிற்சி அளிக்க அது பயன்படும்.

2025இல் இயற்றப்பட்ட தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம், பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை ஆகியவற்றுக்கு வழிவகுத்துள்ளது. அக்கொள்கையை வகுக்கும்போது இளம் வீரர்களுடன் இளம் நடுவர்களின் பாதுகாப்பையும் சேர்ப்பது பொருத்தமாகும். பள்ளி மாணவர்களுக்கு ஆட்டத்துடன் நடுவர் பணியிலும் பயிற்சி அளித்தால், நடுவர்களின் எண்ணிக்கை உயர்வதுடன் தீர்ப்பை மதிக்கும் தலைமுறையும் உருவாகும். பாதகமான தீர்ப்பை ஏற்று ஆட்டத்தைத் தொடரப் பழகிய சிறுவன், நாளை சட்டத்தையும் தேர்தல் முடிவையும் அவ்வாறே ஏற்கும் குடிமகனாவான்.