எல்லை தாண்டிய பயிற்சியாளர்

கோல் போட்டவரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கோட்டுக்கு வெளியே நின்று அவரை ஆட்டுவித்தவரின் பெயர் தெரிவதில்லை. சிங்கப்பூரின் சூ செங் குவீ அப்படிப்பட்டவர். 1950களின் தொடக்கத்தில் இந்தோனேசிய அணிக்குப் பயிற்சி தந்தார். பிறகு மலாயாவுக்கு வந்தார். 1958, 1959 ஆண்டுகளில் மெர்டேக்கா கோப்பை மலாயாவுக்குக் கிடைத்தது. நாடு மாறினால் பயிற்சியாளருக்குப் பேச்சு மாறும், சாப்பாடு மாறும், ஆட்டக்காரரின் பழக்கமும் மாறும். எல்லாரும் கேட்பது மட்டும் ஒன்றுதான்: ஜெயித்தாயா?

தேக்காவிலிருந்து நடந்தே போகலாம், ஜாலான் புசார் அரங்கத்துக்கு. 1973இல் காலாங்கில் தேசிய அரங்கம் திறக்கும்வரை பெரிய ஆட்டங்கள் அங்கேதான் நடந்தன. 1965க்குப் பின் மலேசியக் கோப்பை சிங்கப்பூருக்குக் கிட்டவே இல்லை. 1977இல் சூவின் பயிற்சியில், சமத் அல்லாபிச்சை தலைமையில், கோலாலம்பூரில் பினாங்கை 3-2 என்று வென்றார்கள். அதுவும் கூடுதல் நேரத்தில்.

சூவுக்கு நீரிழிவு நோய். காலில் வந்த புண் அழுகி, காலையே எடுக்க வேண்டியதாயிற்று. இந்த நோயில் காலுக்கு இரத்த ஓட்டம் குறையும், உணர்ச்சியும் மங்கும். வலிக்கவில்லையே என்று நாம் விட்டுவிடும் புண்தான் ஆபத்தானது. 1983இல் அவர் காலமானார். பழைய ரசிகர்களுக்கு அவர் இன்றும் 'அங்கிள் சூ'தான்.