நிலம் திருத்தும் பொறிகள் – சீமைக் கருவேலைக் களைதற்கு ஏற்றது எது?

முன்னுரை

காட்டைத் திருத்திக் கழனியாக்குதல் தமிழ் மக்களுக்குப் புதிய தொழிலன்று. சோழன் கரிகாற் பெருவளத்தான் காடுகளை அழித்துக் குடிகள் வாழும் நாடாக்கியதையும், குளங்கள் அகழ்ந்து வளம் பெருக்கியதையும் பட்டினப்பாலை பாராட்டிப் பேசுகிறது. அன்று கோடரியும் மண்வெட்டியும் செய்த பணியை இன்று பொறிகள் செய்கின்றன. நூறு ஆட்கள் பல நாள் செய்யும் வேலையை ஒரு பொறி ஒரு பகலில் முடித்துவிடுகிறது. ஆயினும், பொறி பெரிது என்பதனாலேயே பணி செவ்வையாக முடிந்துவிடுவதில்லை. நிலத்தின் இயல்பும், களையப்பட வேண்டிய மரத்தின் இயல்பும் அறிந்து தேர்ந்த பொறியே பயன் தரும். இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரிகளின் நாடு

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளால் சிறப்புற்றது. அதன் தென்பகுதியில் அமைந்த உத்திரமேரூர், ஊராட்சி முறைக்கு உலகப் புகழ் பெற்ற ஊர். முதற் பராந்தக சோழனின் 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே குடவோலை முறையால் வாரியங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட விதத்தை விரித்துரைக்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். மற்றொன்று தோட்ட வாரியம். ஏரியைக் காப்பதற்கென்றே தனியே ஓர் அவையை அமைத்த மண் அது. வயிரமேக தடாகம் என்னும் பேரேரி இன்றும் அவ்வூரின் பழம்பெருமைக்குச் சான்று பகர்கிறது. ராஜகுளம் என்னும் சிற்றூரின் பெயரிலேயே குளம் குடிகொண்டிருப்பதும் கருதத்தக்கது.

இத்தகைய நீர்நிலைகளின் உட்பரப்பிலும், வரத்துக் கால்வாய்களிலும், உழவர்கள் கைவிட்ட தரிசுகளிலும் இன்று வேரூன்றி நிற்பது சீமைக் கருவேல். வாடகைக்குப் பொறி அமர்த்தி நிலத்தைத் திருத்த முனையும் சிறு உழவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் பணமாகும். கடன் பெற்றுச் செய்த வேலை அடுத்த மழையில் பாழாகுமானால், அவர் இழப்பது பணம் மட்டுமன்று. மீண்டும் பயிரிடலாம் என்னும் நம்பிக்கையையும் இழக்கிறார். எனவே, பொறியைத் தேர்தல் என்பது சிறு செய்தியன்று.

பகையின் இயல்பு

சீமைக் கருவேல் நம் நாட்டு மரமன்று. நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகியவை அதன் தாயகம். 1870களில், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சார்ந்த கடப்பைப் பகுதியில் அதன் வித்துகள் விதைக்கப்பட்டன. விறகுப் பஞ்சம் நீக்கவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் வேண்டி அது போற்றப்பட்டது. அதன் இனிய காய்களை ஆடு மாடுகள் விரும்பித் தின்கின்றன. வித்துகளோ செரிக்காமல் சாணத்தோடு வெளிப்பட்டுச் சென்ற இடமெல்லாம் முளைக்கின்றன. மண்ணில் விழுந்த வித்து பல ஆண்டுகள் உயிர்த்திறன் குன்றாமல் கிடக்க வல்லது.

இம்மரத்தை வெல்வதற்கு முதன்மையாக அறிய வேண்டியது அதன் அடிக்கட்டையின் தன்மையாகும். தண்டும் வேரும் கூடும் இடத்தில், நிலமட்டத்தையொட்டியும் அதற்குச் சற்றுக் கீழும், உறங்கும் மொட்டுகள் உள்ளன. நிலமட்டத்தில் மரத்தை வெட்டினால் அவை விழித்துக்கொள்கின்றன. ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் கொத்தாக எழுகின்றன. ஆகவே, வெட்டுதல் வேறு, களைதல் வேறு. ஏறத்தாழ ஓரடி ஆழம் வரை அகழ்ந்து அடிக்கட்டையை முழுமையாக வெளியே எடுத்தாலன்றிக் களைதல் நிறைவுறாது.

முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களைதல் வேண்டும் என்னும் கருத்தை வள்ளுவப் பெருந்தகை பகைத்திறம் தெரிதலில் எடுத்தாள்கிறார். அது அரசியலுக்குக் கூறிய உவமையாயினும் உழவுக்கும் முற்றிலும் பொருந்துகிறது. மழைக்குப் பின் ஈரம் காயாத மண்ணில் இளங்கன்றுகளைக் கையாலும் கடப்பாரையாலும் பிடுங்கிவிடலாம். அதற்குப் பொறியே வேண்டுவதில்லை. பொறியின் துணை வேண்டுவது முற்றி வளர்ந்த மரத்திற்கே.

மூவகைப் பொறிகள்

நம் ஊர்களில் பெரிதும் வழங்குவது முன்புறம் அகன்ற வாளியும் பின்புறம் தோண்டும் கையும் கொண்ட சக்கர வண்டியாகும். இதனை மக்கள் 'ஜே.சி.பி.' என்பர். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயரின் பெயரின் முதலெழுத்துகளே ஒரு பொறியினத்தின் பொதுப்பெயராக மாறிவிட்டன. 'பொக்லைன்' என்பதும் அவ்வாறே ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. இவ்வகை வண்டி தன் சக்கரங்களின் மீதே சாலையில் ஓடி ஊர் ஊராகச் செல்லும். எளிதில் வாடகைக்குக் கிடைக்கும். பின்கையால் அடிக்கட்டையை அகழ்ந்தெடுக்கவும் இயலும். ஆனால் ஈரக் களிமண்ணில் சக்கரம் புதையும். கருவேல முள் சக்கரங்களைத் துளைப்பதும் உண்டு.

இரண்டாவது, எஃகுச் சங்கிலித் தடத்தின் மீது ஊர்ந்து செல்லும் பெருந்தோண்டி. இதனை நம் மக்கள் 'ஹிட்டாச்சி' என்று வழங்குவர். இருபது டன் வரை எடையுள்ளவை உண்டு. முதிர்ந்த மரத்தை வேரோடு பெயர்த்தெடுக்க இதற்கு இணை இல்லை. ஆனால் இதனைக் கொண்டுவரத் தனி லாரி வேண்டும். குறுகிய தெருக்களிலும் வரப்புகளிலும் செல்லுதல் அரிது.

மூன்றாவது, 'காம்பாக்ட் டிராக் லோடர்' எனப்படும் சிறு பட்டைவண்டி. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 1957இல் கெல்லர் உடன்பிறந்தார் இருவர் வான்கோழிப் பண்ணைக் கொட்டகையைத் தூய்மை செய்வதற்கென்று ஒரு சிறு சுமையேற்றியை உருவாக்கினர். 'பாப்கேட்' என்று பின்னர்ப் புகழ்பெற்ற வண்டிகளின் முன்னோடி அதுவே. அவ்வழியில் வந்த சுமையேற்றியின் சக்கரங்களுக்கு மாற்றாக ரப்பர்ப் பட்டைகளைப் பூட்டியதே இச்சிறு பட்டைவண்டி. அதன் முன்புறத்தில் வாளி, கவ்வி, மண்ணைக் குடையும் துளைப்பான், புதரை அரைத்துத் தூளாக்கும் உருளை எனப் பல கருவிகளை மாற்றி மாற்றிப் பூட்டலாம். மேலைநாடுகளில் புதர் நிலத்தைத் திருத்துவோர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர்.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

முதலாவது, மண்ணின் மீது விழும் அழுத்தம். நாலரை டன் எடையுள்ள ஒரு சிறு பட்டைவண்டியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பட்டையும் 40 செ.மீ. அகலமும், நிலத்தைத் தொடும் நீளம் 150 செ.மீ. ஆகவும் இருக்குமானால், இரு பட்டைகளும் சேர்ந்து 12,000 சதுர செ.மீ. பரப்பில் எடையைப் பரப்புகின்றன. ஒரு சதுர செ.மீ. மண் தாங்குவது ஏறத்தாழ 375 கிராம் மட்டுமே. அதே எடை நான்கு சக்கரங்களின் சிறு பரப்பில் இறங்குமானால் அழுத்தம் பன்மடங்காகும். இறுகிய மண்ணில் நீர் இறங்காது. பயிரின் வேரும் இறங்காது. எனவே, மீண்டும் பயிரிடக் கருதிய நிலத்தில் பட்டையுடைய பொறியே மேலானது. எனினும், பட்டைவண்டி நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பினால் மேல்மண் கிளறப்படும். அகன்ற வளைவில் திருப்புவதே முறை.

இரண்டாவது, வேலை யாது என்பது. புதரை அரைக்கும் உருளையைச் சுழற்றுவதற்கு அழுத்த எண்ணெய் மிகுதியாகப் பாய வேண்டும். பொதுவான சிறு பட்டைவண்டியில் நிமிடத்திற்கு 60 முதல் 90 லிட்டர் வரை பாயும். பெரிய அரைக்கும் உருளைகளுக்கோ 110 லிட்டருக்கு மேல் வேண்டும். ஆற்றல் குறைந்த வண்டியில் பெரிய உருளையைப் பூட்டினால் வேலையும் நடவாது, எண்ணெயும் சூடேறும். அன்றியும், அரைக்கும் உருளை நிலத்துக்கு மேலுள்ளதை மட்டுமே அழிக்கும், வேரைத் தொடாது. சீமைக் கருவேலைப் பொறுத்தவரை அது பாதி வேலையே என்பதை மறத்தலாகாது. அரைத்த இடத்தில் அடிக்கட்டையைத் தோண்டியெடுக்கும் பணி பின்தொடர வேண்டும்.

மூன்றாவது, தூக்கும் திறன். வண்டி முன்புறம் கவிழத் தொடங்கும் பளுவில் சக்கர வண்டிக்குப் பாதியும், பட்டைவண்டிக்கு 35 விழுக்காடும் பாதுகாப்பான பளுவாகக் கொள்ளப்படுகின்றன. ஈரமான அடிக்கட்டை மண்ணோடு சேர்ந்து வரும்போது கண்ணுக்குத் தோன்றுவதைக் காட்டிலும் கனமாயிருக்கும். ஆதலின் இவ்வளவை ஓட்டுநர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நான்காவது, பாதுகாப்பு. ஓட்டுநர் அறை கவிழ்ந்தாலும் நசுங்காததாக இருக்க வேண்டும். அரைக்கும் உருளையிலிருந்து கட்டைத் துண்டுகள் தெறிக்குமாதலால் முன்கண்ணாடி உடையாத வகையினதாக இருத்தல் வேண்டும். வேலை நடக்கும் இடத்தருகே எவரையும் நிற்க விடலாகாது. சருகுத் தூள் எஞ்சின் அறையில் படிந்து தீப்பற்றக் கூடும். அதனை நாள்தோறும் துடைத்தெடுப்பது நன்று. சாய்வாக வெட்டப்பட்ட கூரிய அடிக்கட்டைகள் ரப்பர்ப் பட்டையைக் கிழிக்கும். அதனைப் புதுப்பிக்கும் செலவு சிறிதன்று.

ஐந்தாவது, கிடைக்கும் தன்மை. பழுதானால் சீர்செய்ய ஆள் உண்டா, உதிரிப்பாகம் அருகில் கிடைக்குமா, ஊருக்குள் கொண்டுவர வழி உண்டா என்பவற்றை ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு தெளிவு பிறக்கிறது. ஓரிரு ஏக்கர் தரிசில் சிதறி நிற்கும் மரங்களுக்கு, உலர்ந்த பருவத்தில், நம் ஊரின் பின்கை வண்டியே போதும். ஏரியின் உட்பரப்பில் அடர்ந்து முதிர்ந்த மரங்களுக்குப் பெருந்தோண்டி ஏற்றது. இளம்புதர் மண்டிய பெருநிலத்தை மேல்மண் கெடாமல் துப்புரவாக்கவும், பெயர்த்த கட்டைகளைக் கவ்விச் சேர்க்கவும் சிறு பட்டைவண்டி சிறந்தது.

காலமும் நெறியும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமாதலின், கோடையிலேயே வேலையை முடித்தல் நலம். காய்கள் முற்றி உதிருமுன் களைந்தால் வித்துப் பரவுதலும் குறையும். வேர் பெயர்த்த குழிகளை நிரப்பாமல் விடலாகாது. ஏரிக்கரையில் நிற்கும் மரத்தைப் பெயர்த்தால் அக்குழியே கரையைப் பலவீனமாக்கும். அங்கே நல்ல களிமண் இட்டு அடுக்கடுக்காக இறுக்க வேண்டும்.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலை அகற்றுமாறு 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடுமையாக ஆணையிட்டது. விளைவுகளை ஆராயாமல் அழித்தலாகாது என்னும் வாதமும் எழுந்து, அவ்வாண்டிலேயே அப்பணிக்கு இடைக்காலத் தடை வந்தது. பின்னர் 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. ஏரியும் கால்வாயும் பொதுச்சொத்து. உரிய அலுவலரின் இசைவின்றி அங்கே பொறியை இறக்குதல் முறையன்று. பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டதையும் நினைவிற் கொள்ள வேண்டும். கருவேலின் நடுவே நிற்கும் பனை, வேம்பு, புங்கன் முதலியவற்றில் முன்கூட்டியே சுண்ணாம்பால் அடையாளமிட்டுவிட்டால் ஓட்டுநர் தவறமாட்டார். மற்றொன்று: இம்மரத்தைக் கரியாக்கி விற்று வாழும் ஏழைக் குடும்பங்கள் தமிழகத்தில் பல. பெயர்த்த கட்டையை வீணே எரித்துவிடாமல் அவர்களுக்கு அளித்தால் நிலமும் திருந்தும், அடுப்பும் எரியும்.

முடிவுரை

வழியிற் கிடக்கும் தீங்கை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக அமையும் என்றும் அவர்கள் மொழிந்துள்ளார்கள். இவ்விரண்டு அறிவுரைகளையும் இணைத்து நோக்கினால் நிலம் திருத்தும் நெறி முழுமை பெறுகிறது. முள்ளை அகற்றிய நிலத்தை வெறுமையாக விட்டால், மண்ணில் உறங்கும் வித்துகள் அதனை மீண்டும் கைப்பற்றிவிடும். மழை பெய்த மறு மாதத்திலேயே முளைத்த கன்றுகளைப் பிடுங்கி, அவ்விடத்தில் நம் மண்ணுக்குரிய மரங்களையோ பயிரையோ வளர்த்தால்தான் பொறிக்குக் கொடுத்த கூலி பயனுறும். பொறி ஒரு நாளில் சென்றுவிடும். அதன் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் நிலத்தைக் காத்து நிற்க வேண்டியது மனிதனின் கையே ஆகும்.