மண்ணோடு பழகிய மாதங்கள் – 9: பார்த்தால் சூடு தெரியாது

1973இல் தகாமி தோஷிஹிரோ என்ற ஜப்பானியப் போதகர் நாசுஷியோபாராவில் ஏன் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார், நான் எப்படி அங்கே தன்னார்வலனாகப் போய்ச் சேர்ந்தேன் என்பதெல்லாம் முன்பே சொன்னவை. ஆசிய, ஆப்பிரிக்கக் கிராமங்களில் வேலை செய்பவர்கள் அந்தப் பள்ளியான ஆசிய ஊரகப் பயிற்சி நிலையத்தில் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை தங்கித் தலைமைப் பொறுப்புக்குப் பயிற்சி பெறுகிறார்கள் என்பது நினைவிருந்தால் இந்த வாரத்துக்குப் போதும்.

2011 நிலநடுக்கத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்த நிலத்தின் மண்ணைப் பற்றி ஒரு பத்தி சொல்லிவிட்டு நிலநடுக்கத்துக்குப் போகலாம் என்றுதான் குறிப்பேட்டைத் திறந்தேன். மண் என்னை நகரவிடவில்லை.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவன். கறுப்பு மண் என்றால் எங்களுக்குக் கனம். மழை பெய்தால் காலைக் கவ்வும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். நாசுஷியோபாராவில் முதல் நாள் மண்வெட்டியைப் போட்டபோது கரிசலைவிடக் கறுப்பான மண் புரண்டது. ஆனால் வெட்டு மாவுக்குள் இறங்குவதுபோல இறங்கியது. ஒரு கை அள்ளினால் கனமே இல்லை.

அந்த மண்ணுக்குக் குரோபோகு என்று பெயர். 'குரோ' என்றால் கறுப்பு. அதன்மேல் நடக்கும்போது 'பொகு பொகு' என்று அமுங்குவதால் 'போகு' சேர்ந்தது என்பார்கள். இன்றும் ஆவி கக்கும் நாசு மலையின் அடிவாரம் அது. எரிமலைச் சாம்பலில் பிறந்த மண். உலகத்து மண்ணியல் நூல்கள் இந்த வகை மண்ணை 'ஆண்டோசால்' என்று அழைக்கின்றன. இருண்ட மண் என்ற பொருள் தரும் 'ஆன்', 'தோ' என்ற ஜப்பானியச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. ஒரு தீவு நாட்டு உழவனின் காலடி மண், சிலி முதல் கென்யா வரை எரிமலை நாடுகளின் மண்ணுக்கெல்லாம் பெயர் கொடுத்திருக்கிறது என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இத்தனை கறுப்பாக, இத்தனை மக்குப்பொருளோடு இருக்கும் மண்ணில் போட்டதெல்லாம் விளையும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. அதிலுள்ள அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தைப் பிடித்துப் பூட்டிக்கொள்ளும். மண்ணில் மணிச்சத்து இருக்கும், பயிருக்கு மட்டும் எட்டாது. உரத்தைக் கொட்டினால் அதில் பெரும்பகுதியும் அதே பூட்டுக்குள் போய்விடும்.

இந்தப் பூட்டுக்கு அங்கே அவர்கள் வைத்திருந்த சாவிகளில் ஒன்று போகாஷி. தவிடு, புண்ணாக்கு, கோழி எரு, உமிக்கரி, தோட்டத்து மண், காட்டிலிருந்து அள்ளி வந்த மக்கிய இலை. இவற்றைக் கலந்து தண்ணீர் தெளித்துக் குவித்து வைப்பார்கள். ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி கிடையாது. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். எங்கள் வீட்டில் புட்டுக்கு மாவு பிசிறும்போது அம்மா பார்க்கும் அதே பதம். ஓரிரு நாளில் குவியல் உள்ளுக்குள் கொதிக்கத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் 60 டிகிரியைத் தாண்டிவிடும். அவ்வளவு சூட்டில் நல்ல நுண்ணுயிர்கள் சாகும், தழைச்சத்து அம்மோனியாவாகி மூக்கை எரித்துக்கொண்டு பறந்துபோகும். அதனால் நாள்தோறும் புரட்டிப் போட வேண்டும். இரண்டு வாரம் போலக் கழிந்து, குவியல் ஆறி உலர்ந்தால் உரம் தயார். மணிச்சத்து அதற்குள் உயிர்ப்பொருளோடு பிணைந்து கிடப்பதால் மண்ணின் பிடிக்கு எளிதில் சிக்காது. கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குப் போய்ச் சேரும்.

போகாஷி என்ற சொல்லின் பொருளும் அழகானது. ஒரு நிறம் அடர்த்தியிலிருந்து மெல்ல மங்கிக் கரைவதற்குப் பெயர் அது. ஹிரோஷிகேயின் மரஅச்சு ஓவியங்களில் வானம் மேலே கருநீலமாகத் தொடங்கிக் கீழே வெளிறிப் போகிறதே, அந்த நுட்பத்துக்கும் இதே பெயர்தான். வேரைச் சுட்டுவிடக்கூடிய உரத்தின் வீரியத்தைக் கரைத்து மென்மையாக்குவதால் உழவர்களும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

தலைமைப் பயிற்சிக்கும் தவிட்டுக் குவியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அங்கே என் முதல் பாடமே அந்தக் குவியலின் முன்னால்தான் நடந்தது.

பயிற்சியாளர்கள் குழுக்களாகப் பிரிந்து வயல், தோட்டம், பன்றி, கோழி என்று வேலைகளைப் பார்ப்பார்கள். குழுத் தலைமை முறைவைத்து மாறும். அமெரிக்காவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த இளைஞர்களும் என்னைப் போன்ற மற்றத் தன்னார்வலர்களும் அந்தத் தலைவரின் சொல்லுக்குக் கீழ்ப்பட்டு வேலை செய்ய வேண்டும். அந்த வாரம் எங்கள் குழுவுக்குத் தலைவி, இலங்கையில் வன்னியிலிருந்து வந்த ஒரு அக்கா. போர் முடிந்து திரும்பி வந்த குடும்பங்களோடு ஊரில் வேலை செய்தவர். தமிழ் பேச ஆள் கிடைத்ததில் இருவருக்கும் மகிழ்ச்சி.

குவியல் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குக்கா, ஆவி ஒண்ணும் வரலையே" என்றேன்.

"பார்த்தால் சூடு தெரியாது தம்பி. கையை உள்ளுக்கு விடுங்கோ."

முழங்கை வரை விட்டேன். இரண்டு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. அவர் அதற்குள் மண்வாரியை எடுத்துப் புரட்டத் தொடங்கியிருந்தார். பயிற்சி நிலையத்தின் மூத்த அலுவலர் ஒருவர் அந்த வழியாக வந்தார். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு மண்வாரியை எடுத்து எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டார். அரை மணி நேரம் மூவரும் புரட்டினோம். உத்தரவு அக்காவுடையது, அலுவலரும் அதற்குக் கீழ்ப்பட்டார்.

பணிவிடை செய்யும் தலைமை என்ற கருத்தை மேலை நாட்டு நிர்வாக உலகத்தில் பரப்பியவர் ராபர்ட் கிரீன்லீஃப். 1970இல் அவர் எழுதிய கட்டுரையை இன்றும் நிர்வாகக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு அது புதிதல்ல. சீடர்களின் கால்களைக் கழுவிய குருவின் கதையைப் பெரிய வியாழன் தோறும் கேட்டே வளர்கிறோம். தமிழ்ச் சபைகளில் போதகரின் வேலைக்கு நாம் வைத்திருக்கும் பெயரே ஊழியம். சொல் நம்மிடம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் முழங்கை வரை கையை விட்டதை நான் நாசுஷியோபாராவில்தான் கண்டேன்.

அன்று இரவு அப்பாவின் ஞாபகம் வந்தது. அறுவடை முடிந்ததும் எங்கள் காட்டில் ஆட்டுக்கிடை போடுவார்கள். கிடைக்காரர் வீட்டுத் திண்ணையில் படுக்கச் சொன்னாலும் வரமாட்டார். ஆடுகளுக்கு நடுவே, புழுக்கையும் பனியுமாகக் கிடக்கும் நிலத்தில்தான் படுப்பார். ஏன் என்று கேட்டதற்கு அப்பா சொன்னார்: "ஆடு இருமுனா அவனுக்குக் கேக்கணும்ல." சபையில் மேய்ப்பர் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பொருள் சொன்னவர் எங்கள் ஊர்க் கிடைக்காரர் என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

வெளிநாட்டில் தன்னார்வப் பணிக்குப் போக விரும்பும் சபை இளைஞர்கள் இந்தத் தொடரைப் படித்துவிட்டு எனக்கு எழுதுகிறார்கள். பெரும்பாலானோர் கேட்பது ஒன்றுதான்: "அங்கே போய் நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்கலாம்?" அந்தக் கேள்வியை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். அங்கே வரும் ஒவ்வொரு பயிற்சியாளரும் ஊரில் ஒரு கூட்டத்தையே தாங்கி நிற்பவர். அவருடைய குழுவில் கூலியாளாக நில்லுங்கள். புரட்டச் சொன்னால் புரட்டுங்கள். உங்கள் பட்டத்தைவிட உங்கள் முதுகு அங்கே அதிகம் உதவும், உங்களுக்கும் அதுவே நல்லது.

நிலநடுக்கத்துக்கு இந்த வாரம் இடமில்லாமல் போய்விட்டது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலைகளிலிருந்து கிளம்பிய கதிரியக்கம், நான் இங்கே இத்தனை பத்தி புகழ்ந்த அதே கறுப்பு மண்ணின்மேல் படிந்தது. தங்கள் கையால் விளைத்ததை உண்பதே உயிர் என்று இருந்தவர்கள், ஒவ்வொரு கீரையையும் கருவியில் வைத்து அளந்த பிறகே உண்ண வேண்டி வந்தது. அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.