பேரப்பிள்ளைகளோடு ஒரு நாள் தரங்கம்பாடியில்

கடற்கரைக்குக் குடும்பமாக வருவோரைக் கவனித்தால் ஒரு காட்சி தவறாமல் தென்படும். பிள்ளைகள் அலையை நோக்கி ஓடுவார்கள். பெற்றோர் கைப்பேசியோடு பின்தொடர்வார்கள். தாத்தாவும் பாட்டியும் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலாக மணலில் அமர்ந்திருப்பார்கள். ஒரே நாளில் ஐந்து ஊர்களைப் பார்த்துவிடத் துடிக்கும் பயணத் திட்டமே இதற்குக் காரணம் என்பேன். மெதுவாக நடப்பவரின் கால்களைக் கொண்டே அந்த நாளை அளக்க வேண்டும்.

அதற்கு ஏற்ற ஊர் மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடி. தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரின் இசைவோடு டேனியர்கள் 1620-இல் கோட்டை எழுப்பிய ஊர். 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் இங்கேதான் அச்சேறியது. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், டேனியக் கோட்டை, கடலரிப்பில் முன்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயில் யாவும் சிறு நடைத்தொலைவில் உள்ளன. மீண்டும் மீண்டும் வண்டியில் ஏறி இறங்க வேண்டியதில்லை.

கிழக்குக் கரையில் காலை வெயில் கடலின்மேல் இருந்து நேரே முகத்தில் அடிக்கும். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் சாய்ந்துவிடும். ஆகவே விடிந்ததும் சிறிது நேரம் கரையில் நிற்கலாம். பிறகு கோட்டை அருங்காட்சியகம். அதன் விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. நண்பகலில் உணவும் உறக்கமும். அரை நாளுக்கா அறை எடுப்பது என்று கணக்குப் பார்த்தால், பேரனின் அழுகையும் பாட்டியின் தலைச்சுற்றலும் மாலைப்பொழுதை விழுங்கிவிடும்.

அறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. கழிப்பறை கிடைக்குமோ என்ற அச்சத்தில் பயண நாளில் தண்ணீரே அருந்தாத பாட்டிகள் நம் வீடுகளில் ஏராளம். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலராது. உடல் சூடும் தணியாது. முதியவர்க்கு இது ஆபத்து. எனவே எங்கே சாப்பிடுவது என்பதற்கு முன், எங்கே கழிப்பறை என்பதை முடிவு செய்யுங்கள். மடக்கு நாற்காலி ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். மணலில் அமர்ந்த மூட்டுவலிக்காரர் எழுவது பெரும்பாடு.

நான்கு மணிக்கு மேல் மீண்டும் கரைக்கு வரலாம். குளியல் வேண்டாம், கால் நனைத்தால் போதும். கோயிலின் முன்பகுதி எங்கே போயிற்று என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையைச் சுனாமி தாக்கியதை அவர்கள் பாடமாகத்தான் அறிவார்கள். தாத்தாவுக்கு அது நினைவு. நாற்காலியைத் தாத்தாவுக்குப் போட்டுவிட்டு, செருப்புகளுக்குப் பெற்றோர் காவல் இருக்கலாம்.