சம்பளம் இல்லாத சனிக்கிழமை

ஏப்ரல் வந்தால் மெல்பர்ன் நகரத்துப் பூங்கா மைதானங்களில் கிரிக்கெட் ஓய்ந்துவிடும். நீள்வட்டப் புல்வெளியின் இரு கோடியிலும் நான்கு நான்காக வெள்ளைக் கம்பங்கள் நட்டிருக்கும். அதற்கப்புறம் செப்டம்பர் வரை அந்த ஊரின் சனிக்கிழமைகள் 'ஃபுட்டி'க்குச் சொந்தம். ஃபுட்டி என்றால் நாம் அறிந்த கால்பந்து இல்லை. பந்தும் நீள்வட்டம், மைதானமும் நீள்வட்டம். அணிக்குப் பதினெட்டுப் பேர். உதைக்கலாம், கையால் குத்தி அனுப்பலாம், எதிராளியின் முதுகில் முழங்காலை ஊன்றி எகிறிப் பந்தைப் பிடிக்கலாம். நடு இரண்டு கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. சற்றே தவறிப் பக்கத்துக் கம்பங்களுக்கிடையே போனால் 'பிஹைண்ட்', ஒரு புள்ளி. குறி தவறியவனுக்கும் ஏதோ கொடுத்தனுப்பும் ஆட்டம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தொலைக்காட்சியில் வரும் பெரிய லீக்கை விட்டுவிடுவோம். நான் சொல்ல வருவது 'அம்மோஸ்' என்று ஊரார் அழைக்கும் விக்டோரிய அமெச்சூர் கால்பந்துச் சங்கத்தைப் பற்றி. 1892-இல் பிறந்தது. அப்போது பெயர் வேறு: மெட்ரோபாலிடன் ஜூனியர் சங்கம். 1912-இல் 'அமெச்சூர்' என்ற சொல் பெயரில் ஏறியது. 1933-இல் இன்றைய பெயர் வந்தது. அன்று முதல் இன்று வரை ஆதார விதி ஒன்றே: ஆடுகிறவனுக்குக் காசு கிடையாது.

அமெச்சூர் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பகலில் ஆபீஸ், மாலையில் அரிதாரம் என்று வாழ்ந்த நாடகக் குழுக்களுக்கு அந்தப் பெயர்தான். அதே சொல்லை 'அமெச்சூர்த்தனம்' என்று திட்டவும் வைத்திருக்கிறோம். ஆசையால் செய்வது, அரைகுறையாய்ச் செய்வது என்ற இரண்டு பொருளும் மெல்பர்னிலும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆனால் தொடக்கத்தில் அங்கே மூன்றாவதாக ஒரு பொருளும் இருந்தது: அந்தஸ்து.

1911-இல் பெரிய லீக்கான வி.எஃப்.எல்., ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கலாம் என்று வெளிப்படையாக அனுமதித்தது. அதற்கு முன்பும் மேசைக்கு அடியில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதை மேசை மேல் வைத்தார்கள், அவ்வளவுதான். காலிங்வுட், ரிச்மண்ட் போன்ற பகுதிகளின் தொழிலாளி வீட்டுப் பையனுக்கு அந்தச் சில ஷில்லிங்குகள் பெரிய விஷயம். வாரக் கூலியோடு சேர்த்து வீட்டு வாடகைக்கு உதவும். மருத்துவமும் சட்டமும் படிக்கிற, கட்டணப் பள்ளியிலிருந்து வந்த பையனுக்கு அது தேவையில்லை. தேவையில்லாதவன் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைப்பது எளிது. மறு ஆண்டே இந்தச் சங்கத்தின் பெயரில் 'அமெச்சூர்' ஏறியதைத் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

இதற்கு மெல்பர்ன் பல்கலைக்கழக அணியைவிடச் சரியான சாட்சி கிடையாது. 1908-இல் அது பெரிய லீக்கில் நுழைந்தது. உயர்கல்வித் தகுதி உள்ளவர்கள் மட்டுமே ஆடலாம், யாருக்கும் பணமில்லை. மற்ற அணிகள் காசு கொடுத்து ஆள் சேர்க்கத் தொடங்கியதும் சரிவு வந்தது. மொத்தம் ஆடிய 126 ஆட்டங்களில் 27-இல்தான் வெற்றி. கடைசி 51 ஆட்டங்கள் வரிசையாகத் தோல்வி! 1914-ஓடு மூட்டை கட்டினார்கள். அந்த அணியில் ஆடியவர் ராய் பார்க் என்ற மருத்துவர். கிரிக்கெட் பிரியர்கள் வேறு காரணத்துக்காக அவரை அறிவார்கள். 1920-21 தொடரின் மெல்பர்ன் டெஸ்டில் முதல்முறை ஆடி, முதல் பந்திலேயே பவுல்டு. அதுவே அவருடைய ஒரே டெஸ்ட். பின்னிக்கொண்டிருந்த நூல் கீழே விழ, குனிந்து எடுத்த மனைவி கணவரின் டெஸ்ட் வாழ்க்கை முழுவதையும் தவறவிட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, நல்ல கதை.

பல்கலைக்கழகம் அமெச்சூர் சங்கத்தில் வந்து சேர்ந்தது. பிளாக்ஸ், புளூஸ் என்று ஒரே வளாகத்தின் இரு அணிகள். இன்றும் இரண்டும் ஆடுகின்றன. ஒன்றையொன்று எதிர்க்கும் நாளில் வளாகத்தின் பழைய மைதானத்தைச் சுற்றித் தாத்தாக்களும் பேரன்களும் சேர்ந்து நிற்பார்கள்.

மற்ற அணிகளின் பெயர்களைப் படித்தாலே அன்றைய மெல்பர்ன் தெரியும். ஓல்ட் மெல்பர்னியன்ஸ், ஓல்ட் ஸ்காட்ச், ஓல்ட் ஸேவியரியன்ஸ், ஓல்ட் ஹெய்லிபரி என்று பெருங்கட்டணப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் ஒரு பக்கம். செயின்ட் பெர்னார்ட்ஸ், டி லா சால், மார்செலின் எனக் கத்தோலிக்கப் பள்ளிகள் இன்னொரு பக்கம். ஏஜாக்ஸ் யூதர்களின் அணி. இடையிடையே எந்தப் பள்ளியின் பெயரும் இல்லாத புறநகர்ப் பேட்டை அணிகள். யார் எந்தப் பள்ளி, எந்தக் கோயில் என்பதைக் கேட்டுத்தான் மனிதரை எடைபோட்ட ஊர் அது. சனிக்கிழமை இரண்டு மணிக்கு அந்தக் கேள்வி சேற்றில் இறங்கி மோதிக்கொள்ளும். 1995 முதல் 2000 வரை ஓல்ட் ஸேவியரியன்ஸ் தொடர்ந்து ஆறு முறை முதல் பிரிவின் பட்டத்தைத் தட்டிச் சென்றபோது மற்ற பள்ளிக்காரர்கள் பட்ட எரிச்சலைக் கேட்கவே வேண்டாம்.

பிரிவு என்றேன். இந்தச் சங்கத்தின் உயிர் அதில்தான். அன்று ஏ, பி, சி, டி என்று எழுத்து வரிசை. இன்று பிரீமியர், பிரீமியர் பி, பிரீமியர் சி, அதற்குக் கீழே எண்ணிட்ட பிரிவுகள். பெயர் பளபளப்பானது, முறை மாறவில்லை. தொலைக்காட்சி லீக்கில் கடைசியாக வந்த அணிக்குத் தண்டனை இல்லை; மாறாக மறு ஆண்டு இளம் வீரர்களை எடுப்பதில் முன்னுரிமை உண்டு. இங்கே அந்தச் சலுகை கிடையாது. கீழே வந்தவர்கள் அடுத்த ஆண்டு கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும், மேலே வந்தவர்கள் ஏற வேண்டும். புள்ளிப் பட்டியலையே அங்கே 'லேடர்', அதாவது ஏணி என்றுதான் சொல்கிறார்கள். பாம்பு மட்டும் சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது; நம் பரமபதம் ஆடியவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. ஆகஸ்ட் மாதக் கடைசி வாரங்களில் கோப்பைக்கு வழியே இல்லாத இரு அணிகள் உயிரைக் கொடுத்து மோதுவதைப் பார்த்தால் காரணம் புரியாது. ஏணியின் அடிப்படிகளைப் பார்த்தால் புரியும்.

அந்தக் காலத்தில் வியாழக்கிழமை மாலைப் பயிற்சி முடிந்ததும் சனிக்கிழமை ஆடப்போகிறவர்களின் பட்டியலைக் கிளப் அறையில் வாசிப்பார்கள், பலகையில் குத்தி வைப்பார்கள். பெயர் முதல் அணியிலிருந்து ரிசர்வ்ஸ் எனும் இரண்டாம் அணிக்கு இறங்கியிருந்தால் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். முடிவுகள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் வரும். கோல் எண்ணிக்கை, நடுவே ஒரு புள்ளி, பிஹைண்ட் எண்ணிக்கை, பிறகு மொத்தம்: 12.9 (81). 'தி அமெச்சூர் ஃபுட்பாலர்' என்ற வாரப் புத்தகத்தை மைதான வாசலில் வாங்கி, சட்டை எண்ணை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்று பட்டியல் போனில் வருகிறது. எதிரணி கோல் அடித்த அடுத்த நிமிடம் அதுவும் வருகிறது. பெரிய ஆட்டங்களை வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பழைய வீரர் படுக்கையில் படுத்தபடி நேரலையில் பார்க்கிறார். வசதிதான். ஆனால் இறக்கப்பட்டவனின் முகத்தைப் பார்த்துத் தோளில் கை போட வியாழக்கிழமை அறையில்தான் ஆட்கள் இருந்தார்கள்.

தரையும் மாறிவிட்டது. மெல்பர்ன் குளிர்காலத்து ஃபுட்டி என்றாலே சேறு என்றிருந்த காலம் உண்டு; மூன்றாவது குவார்ட்டருக்குள் இரு அணியின் சட்டையும் ஒரே நிறமாகிவிடும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நீண்ட வறட்சி வந்தது. 2007-இல் தண்ணீர்க் கட்டுப்பாட்டால் மைதானங்கள் பாறையாய் இறுகி, பல ஊர் லீக்குகள் ஆட்டத்தைத் தள்ளிப்போட வேண்டிவந்தது. அதன்பின் மாநகராட்சிகள் குறைந்த நீரில் வாழும் வெப்பக்காலப் புல்வகைகளுக்கு மாறின. இன்று சேறு அபூர்வம். பந்து வேகமாகப் போகிறது, கால் மூட்டுகளும்தான்.

அடிபட்டவனைக் கவனிக்கும் முறையில் வந்த மாற்றத்தை மட்டும் மனமாரப் பாராட்டலாம். தலையில் அடிபட்டு விழுந்தவனுக்கு ஈரப் பஞ்சால் முகம் துடைத்து, காரமான உப்பை மூக்கில் காட்டி, "இன்று என்ன கிழமை?" என்று கேட்டு, சனி என்று சொன்னால் உள்ளே அனுப்பிய காலம் அது. சனிக்கிழமை மட்டுமே ஆடுகிறவனிடம் கேட்கிற கேள்வியா! இன்று மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டம் முடிந்தது. சமூக ஃபுட்டி வழிகாட்டுதலின்படி குறைந்தது 21 நாள் கழித்துத்தான் திரும்ப முடியும். பதினெட்டு ஆட்டம் கொண்ட ஒரு பருவத்தில் அது பெரிய துண்டு. யாரும் பெரிதாக முணுமுணுப்பதில்லை.

பணத்துக்கு வருவோம். இன்று விக்டோரியாவின் கிராமப்புற, புறநகர் லீக்குகளில் நல்ல ஆட்டக்காரருக்கு ஓர் ஆட்டத்துக்குச் சில நூறு டாலர் கிடைப்பது சாதாரணம். ஊர் மக்கள் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்து விற்றும் குலுக்கல் சீட்டு நடத்தியும் சேர்த்த பணம் ஒரே முன்கள வீரரின் பையில் போய், அவர் மறு ஆண்டு பக்கத்து ஊருக்குத் தாவும். கிளப்புகள் கடனில் விழுவதைப் பார்த்து, 2016-இல் ஆட்டக்காரர்களுக்குப் புள்ளி வரம்பும் அடுத்த ஆண்டு சம்பள உச்சவரம்பும் கொண்டுவந்தார்கள். அடிலெய்டிலும் பெர்த்திலும் இதேபோல் நூறாண்டு பாரம்பரியமுள்ள அமெச்சூர் லீக்குகள் இருந்தன. இன்றும் இருக்கின்றன, பெயரில் 'அமெச்சூர்' இல்லாமல்.

மெல்பர்ன் சங்கம் அந்தச் சொல்லை விடவில்லை. இங்கே ஆடுகிறவர் காசு வாங்குவதில்லை. சில நூறு டாலர் சந்தா கட்டிவிட்டு ஆடுகிறார். காசு கிடையாது என்ற விதி ஒரு காலத்தில் கூலிக்காரனை வெளியே நிறுத்திய வேலி. இன்று அதே விதி வேறு வேலை செய்கிறது. முப்பத்திரண்டு வயதில் இடுப்பு பெருத்த கணக்காளர் ஒருவர் நான்காவது பிரிவின் ரிசர்வ்ஸில் இடம் பிடிக்க முடிகிறதென்றால், அந்த இடத்தை விலைக்கு வாங்க யாருக்கும் உரிமை இல்லை என்பதால்தான். பெரிய லீக்கில் ஓய்வு பெற்றவர் தன் பள்ளி அணிக்கு வந்து ஆடினாலும் கிடைப்பது அதே இறைச்சிப் 'பை'யும் பீரும்தான். பழைய மேட்டுக்குடிப் பெருமை முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். உச்சப் பிரிவில் இன்றும் பெருங்கட்டணப் பள்ளிகளின் ஆட்சிதான். வசதியான கிளப் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தராமல் நல்ல வேலை வாங்கித் தர முடியும், பழைய மாணவர் வட்டம் அதற்குத்தானே இருக்கிறது? விதியில் அதற்கு இடம் இல்லை, வாழ்க்கையில் இருக்கிறது.

இரண்டு உலகப் போர்களும் இந்தப் போட்டிகளை நிறுத்தியிருக்கின்றன. அதன்பின் 2020-இல் கொரோனா ஒரு பருவத்தை முழுதாக விழுங்கியது. மறு ஆண்டு பாதியில் நின்றது; இறுதியாட்டம் இல்லை, பட்டம் இல்லை. பெரிய லீக், சம்பளம் வாங்கும் தன் வீரர்களை மூட்டை கட்டி வேறு மாநிலம் அனுப்பி ஆட்டத்தை நடத்தியது. அமெச்சூருக்கு அந்த வழி இல்லை. திங்கட்கிழமை அவனுக்கு வேலை இருந்தது, அல்லது அதுவும் போயிருந்தது.

பெரிய மாற்றத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பெண்கள் விக்டோரியாவில் 1981 முதல் தமக்கெனத் தனி லீக் வைத்து ஆடிவந்தார்கள். அவர்களும் காசு வாங்கவில்லை. கொள்கையால் அல்ல, கொடுக்க யாரும் இல்லாததால். 2017 பிப்ரவரியில் பெண்களுக்கான தேசிய லீக் தொடங்கியது. முதல் ஆட்டத்துக்கு பிரின்சஸ் பார்க்கில் 24,000-க்கும் மேற்பட்டோர் திரண்டு, வாசலை மூடவேண்டியதாயிற்று. பழைய பெண்கள் லீக் அதற்கு முந்தைய ஆண்டோடு முடிந்திருந்தது. அதன் அணிகளில் பல அமெச்சூர் சங்கத்துக்கு வந்தன. ஒரே ஆண்டில் சம்பளக் கதவு ஒன்று, சம்பளமில்லாக் கதவு ஒன்று, இரண்டும் திறந்தன. சிலருக்கு முதல் கதவு. பெரும்பாலோருக்கு இரண்டாவது.

வந்து பார்த்தால் உடை மாற்றும் அறைகளில் ஆண்களுக்கான சிறுநீர்த் தொட்டிகள் மட்டுமே. நூறாண்டாக வேறு யாரும் அங்கே உடை மாற்றவில்லை அல்லவா. மாநில அரசு நிதி ஒதுக்கி, ஒவ்வொரு மைதான மண்டபமாகத் தடுப்பும் கதவும் போட்டுவருகிறார்கள். இன்று சனிக்கிழமை காலை ஓல்ட் ஸேவியரியன்ஸும் செயின்ட் கெவின்ஸ் ஓல்ட் பாய்ஸும் பெண்கள் அணியை இறக்குகின்றன. இரண்டுமே பையன்கள் படித்த பள்ளிகள். ஆடும் பெண்களில் ஒருத்திக்குத் தம்பி அங்கே படித்திருக்கலாம், இன்னொருத்திக்குப் பக்கத்து வீட்டுத் தோழி கூப்பிட்டிருக்கலாம். மதியம் ஆண்கள் ஆடப்போகும் அதே கோடு போட்ட சட்டையில், முட்டியில் புல் ஒட்ட, அவர்கள் மைதானத்தை விட்டு வெளியே வருகிறார்கள். தலைக்கு மேலே மண்டப நெற்றியில் 'ஓல்ட் பாய்ஸ்' என்ற எழுத்து அப்படியே இருக்கிறது.