நோயாளியின் தொழிலையும் எழுதுங்கள்

கல் உடைப்போரின் நுரையீரலில் சிலிக்காத் தூசி படிந்து உண்டாவது சிலிக்கோசிஸ். இருமல், மூச்சிரைப்பு, எடையிழப்பு ஆகியவை காசநோயை ஒத்திருப்பதால் பலர் காசநோயாளிகளாகவே பதிவாகின்றனர். தொழிற்சாலைத் தொழிலாளியிடம் இந்நோயைக் கண்டறியும் மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்தது. ஆனால், தொழிலைக் கேட்டு எழுதாத பதிவேட்டிலிருந்து அறிவிப்பு எப்படிப் பிறக்கும்?

1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் புரியாத நரம்பு நோயொன்று வெளிப்பட்டது. உள்ளூர் மருத்துவர்களின் பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, வேறு பெயர்களில் அந்நோய் முன்பே பதிவாகியிருந்தது தெரிந்தது. ஆலைக் கழிவின் பாதரசமே காரணம் என்பது பின்னர் உறுதியானது.

எனவே செய்த தொழில், செய்த ஆண்டுகள், வசிக்கும் ஊர் ஆகியவற்றைப் புறநோயாளிச் சீட்டில் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். பெயர்களை நீக்கித் தொகுத்தால், நோய் எங்கே திரள்கிறது என்பது புலப்படும். இழப்பீடு கோரும் தொழிலாளிக்கு அவருடைய சீட்டே சான்றாகும்.