பிடிக்கிற பணத்துக்குப் பலன் உண்டா?

வேடசந்தூரைச் சுற்றியுள்ள நூற்பாலைகளுக்குக் கிராமங்களிலிருந்து வேலைக்குப் போகிறவர்களிடம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் பற்றிக் கேட்டால், "சம்பளத்துல பிடிக்கிறாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என்ன கிடைக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். நாள் கூலி 400 ரூபாய், மாதம் 26 நாள் வேலை என்றால் தொழிலாளி கட்டுவது 78 ரூபாய், முதலாளி கட்டுவது 338 ரூபாய். அந்த 338 ரூபாயையும் கூலியிலேயே கழித்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் கான்ட்ராக்டருக்கும் உரிமை இல்லை. சம்பளச் சீட்டை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மருந்து மாத்திரை அரசு மருத்துவமனையிலேயே இலவசம். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதற்குப் பைசா கட்டவேண்டியதில்லை. பிறகு எதற்கு இந்தப் பிடித்தம்? வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கும் நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் தருகிறது. மஞ்சள் காமாலையில் 12 நாள் படுத்தால் முதல் இரண்டு நாள் போக, 10 நாளுக்குக் கூலியில் 70 சதவீதம்: 2,800 ரூபாய். மூன்று வருடப் பிடித்தம் ஏறக்குறைய ஒரே நோயில் திரும்பிவிடுகிறது. ஆண்டுக்கு 91 நாள்வரை இப்படிப் பெறலாம். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். அதற்கு இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. பேறுகாலத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. இதைக் கேட்டு வாங்காதவருக்குத்தான் பிடித்தம் வெறும் நஷ்டம்.

ஆனால் திட்டத்திலும் அநியாயம் இருக்கிறது. நோய்க்காலப் பணம் பெற, அதற்குரிய ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அறுப்புக்கும் திருவிழாவுக்கும் ஊர் திரும்பி, வேறு மில்லில் சேர்கிற கிராமத்துத் தொழிலாளிக்கு இது எட்டாமல் போகலாம். கட்டிய பணமோ திரும்பாது. இந்த வரம்பைக் குறைத்தே ஆகவேண்டும். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் மதுரை, கோவை, சேலம் என்று நகரங்களில் இருக்கின்றன. போய்வரும் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் கணக்கில் சேராத இன்னொரு பிடித்தம். தோட்டத்தில், வயலில் கூலிக்குப் போகிறவர்கள் இந்தத் திட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

மில் மாறினாலும் பழைய இன்சூரன்ஸ் நம்பரையே கொடுங்கள். புது நம்பர் போட்டால் முன்பு கட்டிய நாள்கள் அதில் சேராது. பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று உமாங் செயலியில் பார்க்கலாம். காய்ச்சல் வந்த உடனேயே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய் டாக்டர் சான்றிதழ் வாங்குங்கள். தனியார் கிளினிக் சீட்டை மட்டும் நம்பியிருந்தால் பணம் கைக்கு வருவது கஷ்டம். நோய்க்காலப் பணம் வாங்கும் நாள்களில் வேலையைவிட்டு நீக்கவும் கூடாது.

பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். 1800 11 2526 கட்டணமில்லாத எண். தீராவிட்டால் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம் இருக்கிறது. கான்ட்ராக்டர் கைவிரித்தாலும் மில் முதலாளிதான் சந்தாவுக்குப் பொறுப்பு. முதலாளியின் தவறால் தொழிலாளிக்குச் சேரவேண்டியது தவறிப்போனால், இ.எஸ்.ஐ. கழகமே பணத்தைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.